பெரியம்மாவுக்கு பிபி பார்த்த ரெண்டு முகாம்: ஒண்ணு 4 நிமிஷம், இன்னொண்ணு ஒரு மணி நேரம்

வயசான பெண்களுக்கு இலவசமா பிபி பார்க்கறோம், சத்துக்குறைவு இருக்கான்னு பார்க்கறோம்னு போர்டு வச்சு நடத்துறாங்கல்ல, அந்த முகாம் பத்தின ரிவ்யூ இது. ஒரு மாச இடைவெளில ரெண்டு முகாமுக்குப் போனோம், நான், எங்க அம்மா, அம்மாவோட அக்கா அதாவது எங்க பெரியம்மா. அம்மாவுக்கு 68, பெரியம்மாவுக்கு 74. ரெண்டு முகாமும் வேற வேற ஆளுங்க நடத்தினது. பேர் எதுவும் போடப்போறதில்ல, முதல் முகாம்ல நடந்தது எங்க வேணும்னாலும் நடக்கக்கூடியதுதான், அதனால யார் நடத்தினாங்கங்கறத விட என்ன பண்ணாங்க, என்ன பண்ணல அப்படிங்கறத எழுதினா உங்க வீட்ல இருக்கற அம்மாவ, பாட்டிய கூட்டிட்டுப் போகும்போது உபயோகமா இருக்கும்.

பெரியம்மா 11 வருஷமா பிபி மாத்திரை சாப்பிடறாங்க, ஒரு வேளை கூட தவறினதில்ல. முதல் முகாம்ல போனதும் க்யூ, உட்கார இடமில்ல, அரை மணி நேரத்துக்கு மேல நின்னாங்க. பேர் கூப்பிட்டதும் வேகமா போய் ஒரு உயரமான ஸ்டூல்ல உட்கார்ந்தாங்க, உட்கார்ந்த கையோட ஸ்வெட்டர் மேலயே பட்டையைச் சுத்தி பட்டனை அமுக்கிட்டாங்க. கால் தரையில படல, முதுகுக்கு சாய்மானம் இல்ல, கை தொடை மேல கிடக்கு, மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே "வயசு என்னம்மா, சுகர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க"ன்னு கேள்வி, இவங்களும் பதில் சொல்லிட்டே இருக்காங்க. 136/78 வந்துச்சு. "சூப்பர்மா, கன்ட்ரோல்ல இருக்கு, அதே மாத்திரைய கன்டினியூ பண்ணுங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. பக்கத்துல எடை மெஷின்ல ஏத்தி 43.4 கிலோன்னு ரிஜிஸ்டர்ல எழுதிக்கிட்டாங்க, போன தடவை எவ்வளவு இருந்தீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. மொத்தமே 4 நிமிஷம். நானும் சந்தோஷமா கூட்டிட்டு வந்துட்டேன், இத எழுதும்போது கூட அது மனசுல உறுத்துது.

ரெண்டாவது முகாமுக்குப் போனது அம்மாவுக்காகத்தான், பெரியம்மா சும்மா துணைக்கு வந்தாங்க. உள்ள போனதும் ஒரு பொண்ணு சேர் காட்டி உட்காரச் சொல்லிச்சு, "பாத்ரூம் போகணும்னா முதல்ல போயிட்டு வந்துடுங்கம்மா, காபி டீ குடிச்சு அரை மணி நேரம் ஆச்சா"ன்னு கேட்டுச்சு. அப்புறம் 5 நிமிஷம் பேசாம உட்கார வச்சாங்க. உண்மையாவே 5 நிமிஷம், சுவத்துல கடிகாரம் பார்த்து. எனக்கு முதல்ல என்னடா இது இவ்வளவு லேட் பண்றாங்கன்னுதான் இருந்துச்சு. ஆனா யூரின அடக்கிட்டு இருந்தாலோ, பேசிட்டு இருந்தாலோ, கால் மேல கால் போட்டிருந்தாலோ, முதுகு சாயாம இருந்தாலோ ஒவ்வொண்ணுக்கும் சில பாயின்ட் ஏறும், எல்லாம் சேர்ந்தா பிபியே இல்லாதவங்கள பிபி பேஷன்ட் ஆக்கிடும்னு அந்தப் பொண்ணு சொன்னதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. கை இதய மட்டத்துக்கு கீழ தொங்கினா நம்பர் கூடும், மேல இருந்தா குறையும், அதனால மேஜை மேல ஒரு சின்ன தலகாணி வச்சு அதுமேல கைய வச்சாங்க.

அடுத்து பண்ணதுதான் எனக்கு ரொம்பப் புதுசு. பட்டை சுத்தறதுக்கு முன்னாடி டேப்பு எடுத்து பெரியம்மாவோட மேல்கைய அளந்தாங்க. 21 செ.மீ. பெட்டில இருந்து சின்ன சைஸ் கஃப், அதாவது கைல சுத்தற பட்டை, எடுத்தாங்க. சாதாரணமா மெஷினோட வர்ற கஃப் 22-ல இருந்து 32 செ.மீ. கைக்குத்தான், மெலிஞ்ச கைக்கு அந்தப் பெரிய பட்டைய போட்டா பிபி நிஜத்த விடக் குறைவா காட்டும், பருமனான கைக்கு சின்னப் பட்டை போட்டா கூடுதலா காட்டும். அம்மாவுக்கு 34 வந்துச்சு, அவங்களுக்கு பெரிய கஃப். ஒரே வீட்ல ரெண்டு அக்கா தங்கச்சிக்கு ரெண்டு சைஸ்! முகாமுக்குப் போனீங்கன்னா இந்த ஒண்ண கவனிங்க, எத்தனை சைஸ் கஃப் வச்சிருக்காங்கன்னு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா வர்ற எல்லார் கைக்கும் அதேதான், அந்த நம்பர எவ்வளவு நம்பறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். மணிக்கட்டுல கட்டற மெஷின் வச்சிருந்தா அதுவும் வேண்டாம், மேல்கைல கட்டறதுதான் சரி, அதுலயும் முறையா சோதிச்சுப் பார்த்த மாடலான்னு ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) அப்படிங்கற வெப்சைட்ல லிஸ்ட் இருக்கு, மெஷின் வாங்கறவங்க பார்த்து வாங்குங்க.

ரெண்டு கைலயும் பார்த்தாங்க, எந்தக் கைல கூட வந்துச்சோ அதே கைல ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. பெரியம்மாவுக்கு 142/76, அப்புறம் 138/74. நான் எந்திரிக்கப் போயிட்டேன், முடிஞ்சுதுன்னு நினைச்சு. "இருங்க அக்கா, இன்னும் நிக்க வச்சுப் பார்க்கல"ன்னாங்க.

கஃப்ப கழட்டாம பெரியம்மாவ எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க, ஒருத்தர் பின்னாடி கை குடுத்து நின்னுக்கிட்டாங்க. ஒரு நிமிஷத்துல 116/66. மூணாவது நிமிஷத்துல 118/68. மேல் நம்பர் 22 இறங்கியிருக்கு. எந்திரிச்ச 3 நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20-ஓ கீழ் நம்பர் 10-ஓ அதுக்கு மேலயோ இறங்கினா அது கணக்குல எடுத்துக்க வேண்டிய விஷயமாம், தலை சுத்தி கீழ விழறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. அந்தப் பொண்ணு மெதுவா கேட்டுச்சு, "எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிட்டு வருதாம்மா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாங்க, அப்புறம் அந்தப் பொண்ணைப் பார்த்தாங்க. "ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா சுவத்த பிடிச்சுட்டு கொஞ்ச நேரம் நிப்பேன் கண்ணு, அப்புறம்தான் நடப்பேன், வயசானா வர்றதுதானே அதெல்லாம்." எத்தனை நாளான்னு கேட்டதுக்கு ரெண்டு மாசம் இருக்கும்னாங்க. ரெண்டு மாசம்! நான் அதே வீட்டுலதான் இருக்கேன், பக்கத்து ரூம்ல தூங்கறேன். முதல் முகாம்ல கன்ட்ரோல்ல இருக்குன்னு சொன்னப்பவும் இது இருந்திருக்கு. உட்கார்ந்தா 138 இருக்கறவங்க நின்னா 116 ஆகறாங்கன்னு நிக்க வச்சுப் பார்க்காம எப்படித் தெரியும், வயசானவங்களுக்கு பிபி பார்க்கற எந்த முகாமா இருந்தாலும் இந்த நிக்க வைக்கற ரீடிங் இல்லைன்னா அது பாதி வேலைதான்னு நான் இப்ப உறுதியா நினைக்கறேன்.

அப்புறம் விரல்ல குத்தி ரத்தம் எடுக்க கையப் பிடிச்சப்போ இன்னொரு விஷயம் நடந்துச்சு. பெரியம்மா மோதிரத்துல உள்பக்கம் நூல் சுத்தியிருந்தாங்க, வெள்ளை நூல், பழசாகி அழுக்கேறி மேல திரும்ப ஒரு சுத்து புது நூலும் இருந்துச்சு. "ஏம்மா நூல் சுத்தியிருக்கீங்க?" "லூசாயிடுச்சும்மா, பாத்திரம் கழுவும்போது கழண்டு விழுந்துடுது." "எப்போ சுத்தினது இது?" "முதல்ல ஒரு தடவை சுத்தினேன், அப்புறமும் லூசாச்சு, போன மாசம் மறுபடி சுத்தினேன்." அந்த மோதிரத்த நான் தினம் பார்க்கறேன். அந்தப் பொண்ணு உடனே ஃபைல் இருக்கான்னு கேட்டுச்சு, நல்லவேளை எடுத்துட்டுப் போயிருந்தேன், மூணு மாசத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போனப்போ எழுதின எடை 46.4 கிலோ. அன்னைக்கு ஏத்திப் பார்த்தா 42.8. கிட்டத்தட்ட மூணரை கிலோவுக்கு மேல போயிருக்கு, யாரும் டயட் இருக்கச் சொல்லாம, அவங்களும் இளைக்கணும்னு நினைக்காம.

இதுக்குன்னு ஒரு கேள்வித்தாள் வச்சிருந்தாங்க, மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட்னு பேர், சுருக்கமா எம்என்ஏ, உலகம் முழுக்க 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு உபயோகிக்கறாங்க. அதுல சுருக்கமான வடிவத்துல ஆறே கேள்வி. மூணு மாசமா சாப்பாடு குறைஞ்சிருக்கா, எடை குறைஞ்சிருக்கா, நடமாட்டம் எப்படி, பெரிய நோயோ மனக்கஷ்டமோ வந்துச்சா, மறதியோ மனச்சோர்வோ இருக்கா, கடைசியா உயரத்துக்கு ஏத்த எடை, அதாவது பிஎம்ஐ. மொத்தம் 14 மார்க். 12-ம் அதுக்கு மேலயும் நார்மல், 8-ல இருந்து 11 வரைக்கும் ரிஸ்க், 7-ம் அதுக்குக் கீழயும் சத்துக்குறைவுன்னு அர்த்தம். பெரியம்மாவுக்கு 8. இன்னும் ஒரு மார்க் குறைஞ்சிருந்தா கடைசி வரிசைல போயிருப்பாங்க. இதுல கவனிக்க வேண்டியது, வயசானவங்களுக்கு பிஎம்ஐ கணக்கே வேற, 23-ஓ அதுக்கு மேலயோ இருந்தாதான் முழு மார்க் தர்றாங்க, நாம 19, 20 இருந்தா ஒல்லியா அழகா இருக்காங்கன்னு நினைச்சுக்கறோம். கூன் விழுந்தவங்களுக்கு உயரம் குறைஞ்சு காட்டும், அதனால பிஎம்ஐ நிஜத்த விட கூடுதலா வந்து ஏமாத்திடும், அதனால கெண்டைக்காலையும் டேப்பு வச்சு அளந்தாங்க, 29 செ.மீ., 31-க்கு கீழ இருந்தா தசை கரைஞ்சிருக்குன்னு ஒரு அடையாளம்.

ரத்தத்துல ஹீமோகுளோபின் 11.2. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு 12-க்கு கீழ இருந்தா ரத்தசோகை, வயசாயிடுச்சுன்னு அதுல சலுகை கிடையாது. இங்கயும் ஒரு சின்ன விஷயம், முதல் சொட்ட துடைச்சிட்டு அடுத்த சொட்டத்தான் எடுத்தாங்க, விரல பிதுக்கல, பிதுக்கினா திசுவுல இருக்கற நீரும் கலந்து அளவு குறைஞ்சு காட்டுமாம்.

சரி, பிபி ஒரு பக்கம், எடை ஒரு பக்கம், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, இதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். அந்த முகாம்ல இருந்த டாக்டரம்மா ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு சொன்னாங்க, எடை குறையும்போது பிபியும் குறையும், ஆனா மாத்திரை மட்டும் பழைய எடைக்கு எழுதின அதே டோஸ்ல போயிட்டு இருக்கு, சாப்பாடும் தண்ணியும் குறைஞ்சிருக்கு, அதுக்கு மேல அவங்க சாப்பிடற மாத்திரைல நீர் பிரியற மருந்தும் சேர்ந்திருக்கு, மெலிஞ்ச வயசான பெண்களுக்கு அந்த வகை மருந்துல ரத்தத்துல சோடியம் இறங்கிடற வாய்ப்பு கூட, சோடியம் இறங்கினா பசி இருக்காது, தலை சுத்தும், சோர்வா இருக்கும். பிபிய மட்டும் பார்த்தவங்களுக்கு எடை தெரியல, எடைய மட்டும் எழுதினவங்களுக்கு மாத்திரை தெரியல. ஒரே மேஜைல ரெண்டையும் வச்சாதான் இது ஒரே கதைன்னு தெரியுது.

இன்னொரு முடிச்சும் இருந்துச்சு. பசி ஏன் குறைஞ்சுதுன்னு உணவு ஆலோசனை மேஜைல உட்கார வச்சு விசாரிச்சாங்க. பெரியம்மா சொன்னது, "பிபிக்கு உப்பு ஆகாதுன்னு சொன்னாங்க, அதனால எனக்குத் தனியா உப்பே இல்லாம எடுத்து வச்சுக்கறேன், வாயில வச்சா எறங்க மாட்டேங்குது, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுடறேன்." கூடவே பல்செட் வேற லூசாயிருக்கு, கடிக்க முடியல, அதனால கடிச்சு சாப்பிட வேண்டிய எதையும் தொடறதில்ல, மென்மையா இருக்கற மாவுச்சத்து மட்டும்தான். பல்செட் லூசானதும் எடை குறைஞ்சதாலதானாம், ஈறும் மெலியும்ல. உப்பு குறைங்கன்னு சொன்ன அறிவுரை தப்பில்ல, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ உப்புன்னு சொல்லுது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். ஆனா அது எல்லாத்துலயும் சேர்த்து 5 கிராம், சுத்தமா உப்பே வேண்டாம்னு இல்ல. அதை ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டார், இவங்க பாட்டுக்கு சாப்பாட்டையே விட்டுட்டாங்க.

அந்த ஆலோசனை சொன்ன அம்மா திட்டவே இல்ல, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பாக்கெட் தீனி, பதப்படுத்தினது, தொட்டுக்கறதுக்கு வச்சுக்கற உப்பான ஐட்டம் இதுல இருந்து உப்ப எடுங்க, சமைக்கறதுல கொஞ்சமா போட்டுக்கோங்க, புளிப்பும் வாசனையும் கூட்டுங்க அப்பதான் நாக்குக்குப் பிடிக்கும்னாங்க. பொட்டாசியம் கலந்த உப்பு கடைல விக்குதே அத வாங்கலாமான்னு நான் கேட்டேன், கிட்னி கோளாறு இருந்தாலோ சில பிபி மாத்திரை சாப்பிட்டாலோ அது ஆபத்து, டாக்டர கேக்காம வாங்காதீங்கன்னு சொன்னாங்க. புரதத்துக்கு கணக்கு போட்டே காட்டினாங்க, வயசானவங்களுக்கு கிலோவுக்கு 1-ல இருந்து 1.2 கிராம், அப்ப பெரியம்மாவுக்கு ஒரு நாளைக்கு 43-ல இருந்து 51 கிராம், ஒரு முட்டைல சுமாரா 6 கிராம், ஒரு டம்ளர் பால்ல 6, 7 கிராம், மீதிய பயறு பருப்பு மீன்னு எது ஒத்துக்குதோ அதுல பிரிச்சு, மூணு வேளைல முடியலைன்னா ஆறு வேளையா. கிட்னி பிரச்சினை உள்ளவங்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அதையும் சொன்னாங்க. "தனியா உட்கார்ந்து சாப்பிடறீங்களா, யாரோடயாவது சேர்ந்தா"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. பெரியம்மா எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச அப்புறம் சமையலறைலயே உட்கார்ந்து சாப்பிடறவங்க. இப்ப ராத்திரி சாப்பாடு எங்ககூடதான், இது நான் பண்ண மாத்தம்.

இப்ப அம்மாவ பத்தி. அம்மா 71 கிலோ, பார்த்தா நல்லா இருக்காங்க, அதனால அவங்களுக்கு சத்துக்குறைவு டெஸ்ட்டெல்லாம் எதுக்குன்னு எங்க எல்லாருக்கும் ஒரு நினைப்பு. ஆனா எடை இருந்தும் தசை குறைஞ்சிருக்கலாம், கைப்பிடி பலம் பார்க்கற கருவி வச்சு அமுக்கச் சொன்னாங்க, ஆசியப் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ இருந்தா பலவீனம்னு வச்சிருக்காங்க, அம்மாவுக்கு 17. சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா எடுக்கறதால பி12 அளவு பார்க்கச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க, அந்த மாத்திரை நாளாக நாளாக பி12 குறைக்குமாம், கால் மரத்துப் போறதுக்கு எல்லாத்தையும் சுகர் மேலயே போட்டுட்டு இருந்தோம். பிபி அம்மாவுக்கு 164/82. இதுவரைக்கும் பிபின்னே தெரியாது. அம்மா உடனே, "கீழ நம்பர் நார்மலாத்தானே இருக்கு"ன்னாங்க. வயசாக ஆக ரத்தக்குழாய் விறைச்சுப் போயிடும், அதனால மேல் நம்பர் மட்டும் ஏறும், கீழ் நம்பர் ஏறாது, சில பேருக்கு இறங்கக்கூட செய்யும், மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் பெண்களுக்கு இது வேகமா ஏறும், பக்கவாதம் வர்றதுக்கு அந்த மேல் நம்பர் ஒண்ணே போதும்னு விளக்கினாங்க.

ஆனா அன்னைக்கே மாத்திரை குடுக்கல. இதுக்கு நான் ஒரு ஸ்டார் கூடவே போடுவேன். ஒரு நாள் பார்த்த நம்பர வச்சு முடிவு பண்ணக்கூடாது, பயத்துல ஏறியிருக்கலாம், வீட்ல 7 நாள் காலைல ரெண்டு தடவை சாயங்காலம் ரெண்டு தடவை பாருங்க, முதல் நாள் கணக்க விட்டுட்டு மீதிய சராசரி எடுங்க, 135/85 தாண்டினா பிபின்னு வச்சுக்கலாம்னு ஒரு கட்டம் போட்ட பேப்பர் குடுத்து மெஷினும் ஒரு வாரத்துக்கு இரவல் குடுத்தாங்க. 180/110-க்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும் இந்த காத்திருப்பு கிடையாது, அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க, நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, பேச்சு குளறல் இருந்தா நேரா எமர்ஜென்சி. அம்மாவோட சராசரி 151/80 வந்துச்சு, இப்ப மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க.

அங்க ஒரு அத்தை சத்தமா கேட்டாங்க, "எழுபது எண்பது வயசுல பிபிக்கு மாத்திரை எதுக்கு, இருக்கறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டுமே"ன்னு. நிறைய வீட்ல இதே பேச்சு இருக்கறதால டாக்டரம்மா சொன்ன பதில அப்படியே எழுதறேன். 2008-ல வெளியான ஹைவெட் ஆராய்ச்சி, 80 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 3,845 பேர வச்சு 13 நாட்டுல பண்ணது, மருந்து சாப்பிட்ட குழுவுல இறப்பு 21 சதவீதமும் இதய செயலிழப்பு 64 சதவீதமும் குறைஞ்சுது. அதனால வயசு ஒரு காரணமே இல்ல. ஆனா அதே ஆராய்ச்சில நின்னு பார்க்கும்போது மேல் நம்பர் 140-க்கு கீழ இருக்கறவங்கள சேர்க்கவே இல்ல, அதனால எங்க பெரியம்மா மாதிரி நின்னா இறங்கறவங்களுக்கு அந்தக் கணக்க அப்படியே போட முடியாது, ஒவ்வொருத்தரையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். இவ்வளவு பொறுமையா ஒரு முகாம்ல ஒருத்தர் பதில் சொல்லி நான் பார்த்ததில்ல.

பெரியம்மாவ அவங்க வழக்கமா பார்க்கற டாக்டர்கிட்ட ரெஃபரல் லெட்டரோட அனுப்பினாங்க, அதுல உட்கார்ந்த ரீடிங், நின்ன ரீடிங், எடை மாற்றம், எம்என்ஏ மார்க், ஹீமோகுளோபின் எல்லாமே இருந்துச்சு. முகாம்ல யாரும் மாத்திரைய நிறுத்தச் சொல்லல, "நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் எந்திரிக்கும்போது கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு எந்திரிங்க, ராத்திரி லைட் போட்டுட்டு நடங்க" இவ்வளவுதான் சொன்னாங்க. டாக்டர் சோடியம் பார்த்தார், 131 இருந்துச்சு, 135-க்கு மேல இருக்கணும். அந்த நீர் மாத்திரைய மாத்தி டோஸையும் குறைச்சார், எடை ஏன் குறைஞ்சுதுன்னு தைராய்டு உட்பட இன்னும் சில டெஸ்ட் எழுதினார், பெருசா ஒண்ணும் இல்ல. பல்செட்ட சரிபண்ணியாச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு முகாம்ல இருந்து போன் வந்துச்சு, டாக்டர பார்த்தீங்களா, என்ன சொன்னார், சாப்பிடறாங்களான்னு. இந்த ஒரு போன் கால்தான் ரெண்டு முகாமுக்கும் நடுவுல இருக்கற பெரிய வித்தியாசம்னு நான் சொல்வேன். நோய்க்கு முன்கூட்டியே சோதனை பண்றதுன்னா எப்படி இருக்கணும்னு வில்சன், யுங்னர்னு ரெண்டு பேர் 1968-லயே உலக சுகாதார நிறுவனத்துக்காக 10 விதி எழுதி வச்சிருக்காங்க, அதுல கண்டுபிடிச்சா சிகிச்சை குடுக்க வசதி இருக்கணும்கறதும் ஒண்ணு, இது ஒரு தடவையோட முடியற வேலை இல்ல தொடர்ந்து நடக்கணும்கறதும் ஒண்ணு. எத்தனை பேருக்குப் பார்த்தோம்னு போட்டோ எடுத்துப் போடறது சுலபம். பார்த்தவங்கள்ல எத்தனை பேர் டாக்டர்கிட்ட போய்ச் சேர்ந்தாங்கன்னு எழுதி வைக்கறதுதான் வேலை, இவங்க நோட்டுல அதுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டு வச்சிருந்தத நான் பார்த்தேன்.

மூணு மாசம் கழிச்சு திரும்பக் கூப்பிட்டாங்க, போனோம். பெரியம்மா எடை 44.3. உட்கார்ந்து 140/76, நின்னு 132/72. எம்என்ஏ 11, இன்னும் ரிஸ்க்லதான் இருக்காங்க, ஆனா சுவத்தப் பிடிக்கறது நின்னுடுச்சு.

குறைகளும் இருக்கு, சொல்லிடறேன். எடையும் பிபியும் எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்றாங்க, பக்கத்து சேர்ல இருக்கறவங்க "அய்யய்யோ 164-ஆ"ன்னு கேட்டதுல அம்மாவுக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு, ஒரு திரை போட்டா போதும். பாத்ரூம் ஒண்ணுதான், அதுவும் நாலு படி இறங்கிப் போகணும், வயசானவங்களுக்கு நடத்துற இடத்துல இது சரியே இல்ல. சீட்டுல எழுத்து பொடிசா இருக்கு, பெரியம்மாவால படிக்க முடியல. காலைல மட்டும்தான் நடக்குது, அதனால வேலைக்குப் போற பிள்ளைங்க லீவு போட்டாதான் கூட்டிட்டு வர முடியும். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகறதால வந்தவங்கள்ல கடைசில 10, 15 பேர் பார்க்காமயே திரும்பிப் போனாங்க, அதுக்கு டோக்கன்ல நேரம் போட்டுக் குடுக்கலாம்.

போகறவங்க எடுத்துட்டுப் போக வேண்டியது: பழைய ஃபைல் (எடை எழுதின சீட்டு கட்டாயம்), சாப்பிடற மாத்திரை எல்லாம் அட்டையோட ஒரு பையில, கண்ணாடி, பல்செட். கை தூக்கி விடற மாதிரி லூசான உடுப்பு. காலைல மாத்திரை சாப்பிட்டீங்களா, எத்தனை மணிக்குன்னு கேப்பாங்க, அத ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல் முகாமுக்கு 5-க்கு 2, அந்த ரெண்டும் வெயில்ல வந்து உழைச்ச தன்னார்வலர்களுக்காக. ரெண்டாவதுக்கு 4. அஞ்சாவது ஸ்டார நான் ஏன் பிடிச்சு வச்சிருக்கேன்னா, எங்க மாடில ஒரு அம்மா இருக்காங்க, 82 வயசு, இடுப்பு எலும்பு உடைஞ்சதுக்கு அப்புறம் படி இறங்கவே இல்ல, தனியா இருக்காங்க, மெலிஞ்சுட்டே போறாங்க. எழுந்து நடந்து வர்றவங்களுக்கு மட்டும்தான் இந்த முகாம், வர முடியாதவங்களுக்குத்தான் இது அதிகமா தேவை. கடைசி தடவை போனப்போ இத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். நோட்டுல அட்ரஸ் எழுதிக்கிட்டு, அடுத்த முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் டேப்பும் சின்ன கஃப்பும் எடுத்துட்டு நேர்லயே வர்றேன்னு சொல்லியிருக்கு. வந்துட்டுப் போனதும் ரிவ்யூல ஸ்டார மாத்தறேன்.